எண்பத்தொன்றுக்கு நூறு கிராம் குறைவு

போன செவ்வாய்க்கிழமை காலை டவுணில் பழம் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார். எடையை அவர் சொல்லவில்லை. சிவப்பு எண்களை விரலால் காட்டிவிட்டு மறுபடி கைப்பேசியில் மூழ்கிவிட்டார். அதில் குத்துச்சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சிறிய எடைப்பிரிவில் எல்லோரையும் வென்று முடித்த ஒருவர், இனி ஹெவிவெயிட் பட்டக்காரர்களோடு மோதப்போகிறாராம்.

"பாத்தீயளா அண்ணாச்சி? இவன் அவனுக்குத் தோள்மட்டம்கூட இல்ல. வாங்குன பட்டத்த வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான? எதுக்குப் போயி மூஞ்சிய ஒடச்சிக்கிடணுங்கான்?"

எதுக்கு என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் பழக்கடை வாசலில் நின்று சொல்லி முடிகிற கதை இல்லை. பழத்தின் வாசனை, தராசு, குத்துச்சண்டை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. வருட வாரியாக அட்டை போட்டு வைத்திருக்கிறேன். மழை பெய்த நேரம், ஆற்றில் தண்ணீர் எத்தனையாவது படி வரை நின்றது, பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று எல்லாம் அதில் இருக்கும். இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று என் மனைவி கேட்டு, பதில் வராததால், கேட்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஓர் உரக்கடையில் குமாஸ்தா. வாழைக்காய் மண்டிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் எங்கள் வட்டாரக் குத்துச்சண்டைக் கழகம் இயங்கியது. கழகத்தின் செயலாளர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீரு குத்தவும் வேண்டாம், குத்து வாங்கவும் வேண்டாம். எழுதும் போதும்" என்று என்னைப் பிடித்துப் போட்டார். வீரர்களின் எடையைப் பதிவேட்டில் எழுதுவதும், போட்டியின்போது கடிகாரம் பார்த்து மணி அடிப்பதும் என் பொறுப்பு. என் வாழ்க்கையில் நான் விளையாட்டுக்கு அவ்வளவு அருகில் போனது அப்போதுதான்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வாசனை உண்டு. பழுக்க வைத்த தார்களின் இனிப்பு, பக்கத்தில் வியர்வை ஊறிய தோல் கையுறையின் புளிப்பு. இரண்டும் சேர்ந்தால் பசிக்கிறதா குமட்டுகிறதா என்று தெரியாது. கையுறைகள் மொத்தம் நாலு ஜோடி. ஒருவர் கழற்றும்போது உள்ளே இருக்கும் சூட்டிலேயே அடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

மிக்கேலின் கைகளுக்கு அந்த உறைகள் எப்போதும் சிறிதாக இருக்கும். உவரிக்காரர். மீன் வண்டியோடு அதிகாலையில் வந்து, சரக்கை இறக்கியதும் கொட்டகைக்கு வந்துவிடுவார். மடிவலை இழுத்து இழுத்துத் திரண்ட கை. எழுபத்தைந்து கிலோ பிரிவில் தொடர்ந்து மூன்று வருடம் அவர்தான் சாம்பியன். நாலாவது வருடம் அந்தப் பிரிவில் மோத யாரும் பெயர் கொடுக்கவில்லை. அதற்கு மேலே இருந்த பிரிவிலும் ஒரு பெயர்கூட வரவில்லை. அதையும் தாண்டினால் ஹெவிவெயிட். அங்கே சுடலைமுத்து இருந்தார்.

சுடலைமுத்து ஸ்ரீவைகுண்டத்துக்காரர், மண்டியில் லோடுமேன். தொண்ணூறு கிலோ. இரண்டு தோளிலும் இரண்டு தார் வைத்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். இரண்டு வருடமாக அவர் சாம்பியன்தான். ஆனால் அவர் எடையில் எங்கள் பக்கம் வேறு ஆளே கிடையாது. வளையத்துக்குள் தனியாக ஏறி நிற்பார், நடுவர் கையைத் தூக்கிவிடுவார், கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு கோப்பைகளையும் அவர் வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. ஒன்றில் மண்டிக்காரர்கள் ஊதுபத்தி செருகியிருந்தார்கள்.

"அது காத்தக் குத்தி வாங்குன கப்புதான?" என்று மிக்கேல் சீண்டுவார்.

"நீ வாயேம்லே மாப்ளே, காத்துக்குப் பதிலா நில்லு. தூசி தட்டி அனுப்புதேன்."

"வாரேன் மச்சான். வரத்தான் போறேன்."

இப்படிக் கேலியாகத் தொடங்கியதுதான். மிக்கேலுக்கு வளைகுடா விசா வந்த பிறகு அது கேலியாக இருக்கவில்லை. ஒரு மாதத்தில் அந்த வருடப் போட்டி; அது முடிந்ததும் கிளம்ப வேண்டும். திரும்பி வரும்போது வயது போயிருக்கும். என்னிடம் ஒருநாள் கையில் துணி சுற்றிக்கொண்டே சொன்னார்: "மூணு கப்பு இருக்கு சாரே. ஆனா எனக்குப் பயந்து ஒதுங்குனவனுவளத்தான் இப்ப பாக்குதேன். நான் பயப்படுத ஒருத்தன்கூட ஒருதடவ நிக்கணும். அங்கன பாலைவனத்துல போயி யார்கூட நிப்பேன்?"

ஆனால் ஹெவிவெயிட்டில் பெயர் எழுத ஒரு விதி உண்டு. எடை எண்பத்தொரு கிலோவைத் தாண்ட வேண்டும். பெரியவனிடம் சின்னவன் அடிபட்டுச் சாகாமல் இருக்க வைத்த விதி. மிக்கேல் எழுபத்தாறு. ஒரு மாதம் இரண்டு வேளைச் சாப்பாட்டை நாலு வேளையாக்கினார். தினமும் பயிற்சி முடிந்ததும் மண்டியின் பெரிய மேடைத் தராசில் ஏறி நிற்பார். சுடலைமுத்துதான் தண்டில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பார். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று ஏறி, போட்டிக்கு முந்தின நாள் எண்பத்தொன்று இருநூறு. மண்டியே கைதட்டியது.

எடை பார்க்கும் இடம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானம். கழகத்துக்கென்று தராசு கிடையாது. அதே மண்டித் தராசைத்தான் முந்தின நாள் மாலை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்தோம். இங்கேதான் நான் வருகிறேன். தராசைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. மேடை முழுக்க வாழைக்கறை, கறுப்பாக, தார் ரோடு போல. அதன் மேல் ஈரச் சாக்கு ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பதிவேட்டுக்குச் சரியான எண் வேண்டாமா? சாக்கை அவிழ்த்தேன். தகட்டால் கறையைச் சுரண்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவினேன். உரக்கடையில் இருந்து முத்திரை குத்திய எடைக்கற்களைக் கொண்டுவந்து வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் கிராம் சுத்தமாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் 'தராசு சரிசெய்யப்பட்டது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மிக்கேல் கால்சட்டையோடு தராசில் ஏறினார். குண்டை நகர்த்தினேன். எழுபத்தொன்பது எழுநூறு.

"சாரே, சரியாப் பாரும். நேத்து எண்பத்தொண்ணுக்கு மேல காட்டுச்சி."

மறுபடி பார்த்தேன். அதேதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒன்றரைக் கிலோ. அந்த ஒன்றரைக் கிலோவை முந்தின நாள் மாலை சுரண்டிச் சாக்கடையில் தள்ளியது நான்தான். சொன்னேன்.

அண்ணாச்சி சுடலைமுத்து பக்கம் திரும்பினார். "ஏம்வே, மண்டில இருக்கீரு, சாக்குக்குக் கழிக்கணும்னு உமக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி. தாருக்குத்தான் கழிப்போம். ஆளுக்குமா கழிப்பாவ?"

யாரும் சிரிக்கவில்லை. மிக்கேல் மட்டும் லேசாகச் சிரித்தார். பிறகு கீழே இறங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடை பதிய எட்டு மணி வரை நேரம் இருந்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் சுடலைமுத்து ரோட்டுக் கடையில் இருந்து ஒரு சீப்புப் பழமும் ஒரு குடம் தண்ணீருமாக வந்தார். மிக்கேலை மரத்தடியில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தார். பட்டத்தை வைத்திருப்பவர், அதைப் பறிக்க வருகிறவருக்குப் பழம் ஊட்டுவதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"தின்னுலே. பைய மெல்லு. நீ தின்னாத்தாம்லே நான் சாம்பியன்."

"போதும் மச்சான். தொண்ட வர வந்துட்டு."

"எனக்கு இந்த வருசமும் காத்தக் குத்த முடியாது மாப்ளே. இந்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

ஒன்பது பழம், இரண்டு செம்புத் தண்ணீர். பத்தாவது பழம் உள்ளே போகவில்லை. எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மிக்கேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினார். அண்ணாச்சி கொஞ்சம் தள்ளி, வீரர்களைப் பரிசோதிக்க வந்த டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குண்டை எண்பத்தொன்றில் வைத்தேன். தண்டு எழவில்லை. எண்பது தொள்ளாயிரத்துக்குத் தள்ளினேன். தண்டு எழுந்து நடுவில் நின்றது.

மிக்கேல் தண்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஏறிட்டா?" என்று அண்ணாச்சி அங்கிருந்தே கேட்டார்.

"ஏறிட்டு அண்ணாச்சி" என்றேன். பதிவேட்டில் எண்பத்தொன்று நூறு என்று எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே இருந்தது.

சாயங்காலம் நாலரை மணிக்குப் போட்டி. முதல் சுற்றில் மிக்கேல் சுற்றிச் சுற்றி வந்தார். சுடலைமுத்துவின் கைக்கு எட்டவே இல்லை. கூட்டம் கத்தியது. இரண்டாவது சுற்றில் சுடலைமுத்துவின் வலது கை ஒரே ஒரு தடவை சரியாக விழுந்தது. மிக்கேல் முழங்காலில் விழுந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நடுவர் எண்ண ஆரம்பித்தார். அந்த எண்ணிக்கைக்குள் நான் பட்டதை எழுத எந்த நாட்குறிப்பிலும் இடம் இல்லை. விதியை எதற்காக வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதை மீறி எழுதிய கைதான் இப்போது மணிக்கயிற்றைப் பிடித்திருந்தது. ஏழில் மிக்கேல் எழுந்தார். சுற்று முடிய இன்னும் நாற்பது விநாடி இருந்தது. முன்னாலேயே மணியை அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காலையில் ஒன்று செய்தாயிற்று. இப்போது இன்னொன்றைச் செய்தால், அவர் சொந்தக் காலில் நின்ற நாற்பது விநாடியையும் நான் திருடியதாகிவிடும்.

நின்றார். மூன்றாவது சுற்றில் சுடலைமுத்துவின் மூக்கில் இரத்தம் வரவழைத்தார். புள்ளிக்கணக்கில் சுடலைமுத்து ஜெயித்தார். நடுவர் கையைத் தூக்கியபோது, தொண்ணூறு கிலோ ஆள் இரத்தமும் கண்ணீருமாகத் தேம்பினார். அந்தக் கோப்பையை மட்டும் பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டுபோனார். வீங்கிய கண்ணோடு மிக்கேல் என்னிடம், "பயந்தேன் சாரே. நல்லாப் பயந்தேன்" என்றார், ஏதோ கிடைத்ததைச் சொல்வதுபோல.

அன்றைய என் நாட்குறிப்பில் உண்மையான எண் இருக்கிறது. 80.9. அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

பல வருடம் கழித்து மிக்கேல் விடுமுறையில் வந்தபோது அவரிடம் சொல்லிவிட்டேன். அப்போது அவரே தொண்ணூற்றிரண்டு கிலோ. "அது எனக்குத் தெரியும் சாரே. வயிறு சொல்லிட்டு. தராசுக் கம்ப எதுக்குப் பாக்கணும்? நீரு எழுதுவீரா மாட்டீரான்னுதான் உம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை. வந்தது செய்திதான். சுடலைமுத்துவும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. கழகத்தின் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. எண்பத்தொன்று நூறு என்ற எண் உலகத்தில் எங்கும் இல்லை. சரியான எண் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்க ஆள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பழக்கடையில் இருந்து கிளம்பும்போது இன்னொன்று கவனித்தேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தன் பழத்தைத் தராசில் வைத்தார். சிவப்பு எண்களைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரரின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.