ஒப்பாரித் தாலாட்டு

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து மூங்கில் தட்டி வீடுகளிலேயே ஒப்பாரி பாடிக் குழந்தையைத் தூங்கவைத்த கிழவி சம்பங்கி ஒருத்திதான். குடியாத்தம் பக்கத்தில் சாவு வீடு சாவு வீடாகப் போய் அழுது பிழைத்தவள். மகன் தங்கவேலு அந்தச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள். தொழிலை விட்டாளே தவிர பாட்டை விடவில்லை. மாவாட்டினால் ஒப்பாரி, பேன் பார்த்தால் ஒப்பாரி. பேத்தி சரோஜாவை மடியில் போட்டாலும் அதேதான். அந்தச் சனியனும் அதைக் கேட்டுச் சுகமாகத் தூங்கித் தொலைக்கும்.

மருமகள் பார்வதம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா? முதல் இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்தவள். அப்போதுகூடக் கிழவியைப் பாட விடவில்லை. பாடினால் அடுத்ததற்கும் எமன் வந்து நிற்பான் என்று பயந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இரண்டையும் அனுப்பிவைத்தாள். இப்போது மிஞ்சியிருப்பது சரோஜா ஒன்றுதான்.

"உனுக்குத் தாலாட்டே தெரியாதா அத்தே?"

"தெரியும். அதுல இன்னாடி கீது? சப்புனு கீது."

காலை ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் இந்த வீட்டைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருநாள் ஒப்பாரி காதில் விழுந்து நாலு பேர் பாதி வழியில் திரும்பிவிட, மேஸ்திரி வாசலில் நின்று தங்கவேலுவைக் கிழித்துவிட்டுப் போனார். பார்வதம்மா கிழவியின் கையை இழுத்துக் குழந்தையின் தலைமேல் வைத்தாள். இனி ஒப்பாரி பாடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிய பிறகே விட்டாள்.

அந்த ஆடியில் சுரங்கத்துக்குள் கல் சரிந்து, பக்கத்து வீட்டுக் காத்தவராயன் செத்துப்போனான். ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத அவன் பெண்டாட்டி ரத்தினம்மா, அழவும் தெரியாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டி வீட்டு லைனிலிருந்த பெண்கள் சம்பங்கியைக் கூப்பிட வந்தார்கள். கிழவி சரோஜாவைக் காட்டினாள்.

"புள்ள தலைமேல சத்தியம் பண்ணிக்கீறேன். என்ன வுட்டுடுங்க."

"நான்தான வாங்கினேன்? நானே வுட்டுட்டேன். போய்ப் பாடு அத்தே."

"நீ வுட்டா வுட்டுப்பூடுமாடி? நாளிக்கி கொழந்தைக்கி எதுனா ஆச்சின்னா எம்மேல தான பாய்வே?"

வந்தவர்கள் பார்வதம்மாவை முறைத்தார்கள். ஒப்பாரி இல்லாமல் பிணத்தை எடுத்தால் லைனுக்கே கேவலம். கிழவியை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டு பார்வதம்மா தானே போய்ப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேண்டாம் வேண்டாமென்று கேட்ட பாட்டெல்லாம் தொண்டையில் தயாராக இருந்தன.

"பொன்னு வெளையும் பூமியின்னு
பொழைக்க வந்த ராசாவே,
மண்ணு மூடிப் போனதென்ன
மறுவார்த்த சொல்லாமே!"

எதிரில் உட்கார்ந்திருந்த கிழவி, ராகம் தப்பும் இடத்திலெல்லாம் முகத்தைச் சுளித்தாள். பாடவும் மாட்டாள், பாடுகிறவளைச் சும்மாவும் விடமாட்டாள் என்று பார்வதம்மா உள்ளுக்குள் கறுவிக்கொண்டே அடுத்த பாட்டை எடுத்தாள். கடைசியில் ரத்தினம்மா வாய்விட்டு அலறினாள். வந்த வேலை முடிந்தது, எழுந்து போய்விடலாம்.

எழ முடியவில்லை. ராசாவே என்று பாடவேண்டிய இடத்தில் கண்ணே என்று வந்தது. பிறகு, போன இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் வந்தன. காத்தவராயனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதும் அவள் நிறுத்தவில்லை. சம்பங்கி நகர்ந்து வந்து மருமகளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். வாயை மட்டும் திறக்காமல், தன் மார்பில் அடித்து அடித்து அவள் பாட்டுக்குத் தாளம் கொடுத்தாள்.