ஆற்றைக் கடந்து வந்தவனின் தாகம்

என் பெட்டியின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். அதில் கறுப்பு மையில் நான்கு வரிகள். அவசரமில்லாத, தனித்தனியாக நிற்கும் எழுத்து. அந்த நான்கு வரிகளின் மேல் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் ‘உரைக்கு மாறு’ என்று இரண்டு சொற்கள். கோடும் அந்த இரண்டு சொற்களும் என்னுடையவை. முப்பது வருஷத்து முன்ஷி உத்தியோகத்தில் எத்தனையோ தாள்களில் இப்படிக் கோடு இழுத்திருக்கிறேன். அவையெல்லாம் எந்தக் கடையில் எதை மடிக்கப் போயினவோ, தெரியாது. இதை மட்டும் எறிய எனக்கு மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனம் வருவதில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம் அது. எனக்கு முப்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் முன்ஷியாக இருந்தேன். ஐந்து நாள் அங்கே தொண்டை வற்றக் கத்திவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் மாட்டுவண்டி ஏறி ராஜபாளையம் போவேன். அங்கே ஒரு கூரைக் கொட்டகையில், சுற்றுக் கிராமங்களில் பள்ளிக்கூடம் நடத்தும் வாத்தியார்கள் பதினொரு பேர் எனக்காகக் காத்திருப்பார்கள். சர்க்கார் பரீட்சையில் தேறாத வாத்தியாருக்கு இனி வேலை இல்லை என்று உத்தரவாகியிருந்தது. மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தவறினால், தேறிய ஆள் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். பேரன் எடுத்த வயதில் பலகையில் மாணவனாக உட்கார்ந்திருப்பதன் கூச்சம் அவர்கள் முதுகிலேயே தெரியும்.

போதாக்குறைக்கு அந்த வருஷம் பரீட்சையில் ஒரு புதுக் கேள்வியைச் சேர்த்திருந்தார்கள். அதுவரை செய்யுளைக் கொடுத்தால் பதவுரை, பொழிப்புரை எழுதினால் போதும். இனிமேல், ‘இச்செய்யுளில் நீ கண்டது யாது? எந்தச் சொல்லால் அதைக் கண்டாய்? பத்து வரிக்குள் எழுதுக’ என்று கேட்பார்களாம். உரையாசிரியர் கண்டதைச் சொல் என்றால் பதினொரு பேரும் மூச்சு விடாமல் சொல்வார்கள். நீ கண்டது என்ன என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? எனக்கும் அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று தெரியாது. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. பெரிய தாள் கொடுத்தால் உரை முழுவதையும் கொட்டிவிடுவார்கள் என்று பயந்து, காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். வாரா வாரம் பதினொரு துண்டு. பதினொன்றிலும் ‘புலவர் மிக அழகாகக் கூறியுள்ளார்’ என்ற வாக்கியம்தான் முதலில் நிற்கும். எது அழகு என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். அடுத்த வாரம் ‘மிக மிக அழகாக’ என்று வரும்.

பதினொரு பேரில் தேவதானத்து வாத்தியார்தான் மூத்தவர். ஐம்பதை நெருங்கியவர். இரண்டு முறை எழுதித் தவறியிருந்தார். இது கடைசி முறை. அவருக்குப் பள்ளிக்கூடத்தோடு ஊர்த் தபால் வேலையும் சேர்ந்திருந்தது. கண்டிச் சீமைக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போனவர்களின் கடிதங்கள் அவர் கைக்குத்தான் வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் சொற்பம் என்பதால், கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவதும் அவர்தான். வாத்தியார் வேலை போனால் தபால் பையும் கூடவே போகும். அதை அவர் ஒருநாள்கூட என்னிடம் சொல்லிப் புலம்பியதில்லை. வகுப்பில் கேள்வி கேட்க மாட்டார். துண்டை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து, நெடுநேரம் எழுதாமல் செய்யுளையே பார்த்துக்கொண்டிருப்பார். சுறுசுறுப்பில்லாத மனிதர் என்று நினைத்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாடத்தில் வைத்திருந்த செய்யுள்களில் ஒன்று மிகச் சிறியது. போர்க்களத்திலிருந்து ஒருவன் வருகிறான். மணல்மேட்டைக் கடக்கிறான், நிறைந்து ஓடும் ஆற்றைக் கடக்கிறான், ஒரு தாயின் வாசலில் வந்து நிற்கிறான். அவள் மகன் களத்தில் இறந்துவிட்டான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான். ஆனால் முதலில் அவன் கேட்பது தண்ணீர். அவள் எடுத்து வர உள்ளே போகிறாள். செய்யுள் அங்கேயே முடிந்துவிடுகிறது. வழிநடைக் களைப்பால் நீர் வேட்டான் என்று உரை சொல்லும். நானும் அப்படித்தான் படித்திருந்தேன், அப்படித்தான் நடத்தினேன். இந்த வருஷம் இந்தச் செய்யுள்தான் வரும் என்று எனக்கு ஒரு கணக்கும் இருந்தது.

அதற்கு வந்த பதினொரு துண்டுகளில் பத்தில் களைப்பு இருந்தது. தேவதானத்து வாத்தியார் எழுதியது இது: ‘ஆற்றைக் கடந்து வந்தவனுக்குத் தாகம் இராது. அந்தத் தாய் சற்றே உள்ளே போகட்டும் என்றே தண்ணீர் கேட்டான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. நிறைந்து ஓடும் ஆறு என்னும் சொல்லால் இதைக் கண்டேன்.’

இன்றைக்குப் படித்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. வண்டியில் குலுங்கி வந்த இடுப்பு வலி, கொட்டகையின் புழுக்கம், பத்து முறை படித்த அதே களைப்பு. பதினோராவதாக ஒருவர் உரையையே மறுக்கிறார். கோடு இழுத்தேன். வகுப்பு முடிந்ததும் அவர் துண்டைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“ஐயா, அவன் ஆத்தைத் தாண்டித்தானே வாரான்? குடிக்காமலா வந்திருப்பான்?”

உரைக்கு மாறாக எழுதினால் மார்க்கு விழாது, மூன்றாவது தடவையில் விளையாட்டு வேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்னதில் அக்கறையும் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். அவர் துண்டை என் மேசையில் வைத்தார். “நீங்க சொன்னாச் சரிங்கய்யா” என்றார். அந்தச் சொல்லில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருஷம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் ஓய்ந்துவிட்டேன். கற்றுக்கொடுத்து வராது, எழுதிப் போட்டால் வரும் என்று தீர்மானித்து, அந்தச் செய்யுளுக்கு நானே பத்து வரியில் ஒரு மாதிரி விடை எழுதி, வாய்விட்டுச் சொல்லி, பதினொரு பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சொந்தமாகக் கண்டது போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஒரு வரியும் சேர்த்தேன்: ‘மாட்டுச் சந்தைக்கு நடந்து போய்த் திரும்பும் என் தகப்பனார், வாசலில் நின்று முதலில் தண்ணீர் கேட்பார், அதை இச்செய்யுள் எனக்கு நினைவூட்டுகிறது.’ என் தகப்பனார் நிஜமாகவே அப்படிக் கேட்பவர். அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. தேவதானத்து வாத்தியார் மற்றவர்களைப் போலவே குனிந்து எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் பதினொரு பேரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் நிம்மதியாக வண்டியில் தூங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

நான் எதிர்பார்த்த செய்யுளே வந்தது. பதினொரு பேரும் என் விடையையே எழுதினார்கள். கடை வைத்திருந்த ராவுத்தரின் மகனும், வாழ்நாளில் மாட்டுக் கயிற்றைத் தொடாத, ராஜு குலத்து வாத்தியாரும், எல்லோரும். பதினொரு பேரின் தகப்பன்மாரும் ஒரே மாட்டுச் சந்தையிலிருந்து திரும்பி வந்து, ஒரே வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். மாணவனுக்குத் தன் கண்ணால் பார்க்கச் சொல்லித் தருவதற்கென்றே வைத்த கேள்விக்கு நான் பதினொரு பேருக்கும் என் கண்ணைக் கழற்றிக் கொடுத்திருந்தேன். ஐப்பசி மழையில் நனைந்து வந்த கடிதத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இவர்கள் அனைவரும் உடன்பிறந்தவர்களா? கீழே தீர்ப்பு. பதினொரு பேருக்கும் தேர்ச்சி இல்லை. பத்துப் பேர் மறு வருஷம் எழுதலாம்.

பத்துப் பேருக்குத் தபாலில் எழுதினேன். தேவதானத்துக்கு எப்படித் தபால் போடுவது? அதைப் பிரிப்பதும் அவர், படிப்பதும் அவர். நேரில் போனேன். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. மழைக்குப் பெருகி முழங்காலுக்கு மேல் ஓடியது. வண்டிக்காரன் இறங்க மாட்டேன் என்றுவிட்டான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தேன். நடு ஓடையில் நின்று இரண்டு கை அள்ளிக் குடித்ததும் நினைவிருக்கிறது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். குற்றம் என்னுடையது என்று தொடங்க வேண்டும் என்பது மட்டும் உறுதியாக இருந்தது.

அவர் வாசலில் உட்கார்ந்து தபால் பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். முகம் மலர்ந்தது. இத்தனை தூரம் முன்ஷி நடந்து வந்திருக்கிறார் என்றால் நல்ல செய்திதான் என்று நினைத்திருப்பார். நான் வாயைத் திறந்தேன்.

“கொஞ்சம் தண்ணி குடுங்களேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவர் குனிந்து என் வேட்டியைப் பார்த்தார். அதன் கரையிலிருந்து ஓடை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஊசியைப் பையில் குத்தி வைத்துவிட்டு, “கொண்டாரேன். செத்த நேரமாவும், உக்காருங்க” என்று உள்ளே போனார். பானை வாசற்படிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்க்க முடிந்தது. அதைத் தாண்டி உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியிராமல் போனது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

செம்போடு வந்தபோது முகம் கழுவியிருந்தார். எனக்குத் தாகமே இல்லை. முழுச் செம்பையும் குடித்தேன். உங்கள் விடையையே எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். அதைவிடக் கொடுமையான கேள்வி இருக்க முடியாது. “நீங்க செவப்பு மையில அடிச்சிருந்தீயளே” என்றார். அப்புறம், என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு சொன்னார்: “கண்டியில இருந்து சாவுக் காயிதம் வந்தா, அந்த வீட்டுல நானும் மொதல்ல தண்ணிதான் கேப்பேன் ஐயா. அந்தம்மா உள்ள போய்ட்டு வார நேரந்தான் எனக்கு.”

தை மாதம் தேறிய ஆள் வந்தார். கிழிசல் தைத்த தபால் பை அவர் கைக்குப் போயிற்று. தேவதானத்து வாத்தியார் சுந்தரபாண்டியத்தில் மகள் வீட்டுக்குப் போய் வயல் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். குற்றம் என்னுடையது என்று இன்ஸ்பெக்டருக்கு இரண்டு மனு எழுதினேன். பதில் வரவில்லை. மூன்றாவதை எழுதாமல் விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்டால், அலுப்பு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் அந்தச் செய்யுளுக்கு அவர் கண்டதைச் சொன்னேன். அதன் பலன் என்ன? ‘ஆற்றைக் கடந்து வந்தவனுக்குத் தாகம் இராது’ என்று எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தார்கள். போன வருஷம், நான் ஓய்வு பெறுவதற்கு முன், ஒருவன் மட்டும் இது யாருடைய உரை என்று கேட்டான். தேவதானத்து வாத்தியார் உரை என்றேன். அப்படியே குறித்துக்கொண்டான்.

இன்று அந்தத் துண்டை வெளியே எடுத்தேன். பத்து வரி கேட்டேன். நான்கில் முடித்துவிட்டார், அடியில் நிறைய இடம் இருக்கிறது. பேனாவை மையில் தோய்த்து, மார்க்குப் போடலாம் என்று உட்கார்ந்தேன். கோட்டுக்குக் கீழே அவர் எழுத்தை மறுபடி படித்தேன். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டேன். எனக்குத் தாகம் இல்லை.