தபசு வெள்ளியில் வந்த ஆவுளியா

ஆவுளியாவின் மூச்சுக்குப் பச்சைப் பாசியைக் கசக்கினால் வருகிற வாசம். முழங்கால் தண்ணீரில் கிடந்தபடி அது, தலைச்சுமையை இறக்கிவைத்த பெண்பிள்ளை பெருமூச்சு விடுவதுபோல ஒருதரம் "புஸ்ஸ்" என்று விட்டபோது, அந்த ஈரக்காற்று என் முகத்தில் வந்து அடித்தது. மீன் மூச்சு விட்டு அதற்கு முன் நான் கண்டதில்லை. புத்தகத்தில் அதற்குக் கடற்பசு என்று பெயர் போட்டிருக்கிறார்களாம். எங்கள் கரைக்கு அது "ஆவுளியா"தான். ஆளைவிட நீளம், சாம்பல் நிறம், கடலுக்கடியில் புல் மேய்கிற சாதுவான பிராணி.

நான் மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு வந்தவள். ஆனாலும் இன்று பாம்பனில் என் ஐஸ் ஏறாமல் கடலுக்குப் போகிற படகு குறைவு. என் பெயரிலேயே விசைப்படகுகள் ஓடுகின்றன. படித்த பிள்ளைகள் எனக்கு எதிரே உட்காரத் தயங்குகிறார்கள். ரோமாபுரிக்கும் போய், அங்கேயிருக்கிற பெரிய கோயிலின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவள் நான், அதுவும் என் சொந்தச் சம்பாத்தியத்தில். அங்கெல்லாம் காணாத ஒன்றை, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கரையில் கண்டேன்.

எங்கள் குடிசை அக்காள்மடத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்தது. எங்கள் அம்மா மரியபுஷ்பத்துக்குச் செபம் வேறு, சமையல் வேறு இல்லை. கெடிகாரம் இல்லாத வீட்டில், செபமணி பத்து உருட்டினால் மீன் வெந்தது, முப்பது உருட்டினால் கஞ்சி வெந்தது என்று கணக்கு வைத்துத்தான் அடுப்பை அணைப்பாள். நடுவில் கோழி உள்ளே நுழைந்தால் அதை அதே மூச்சில் வைது விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்வாள். அகப்பை தொலைந்துபோனால் அந்தோணியார் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, "தேடிக் குடுத்துட்டு அப்புறம் எங்க மூஞ்சியப் பாரும்" என்பாள். அவளுக்கு மோட்சத்தில் உள்ளவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

ஊரைப் புரட்டிப்போட்ட புயலுக்கு மறுவருஷம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான தபசு காலம் அது. உடைந்த வள்ளங்கள் இன்னும் மணலில் கிடந்தன. தபசு வெள்ளியில் "சுத்தபோசனம்". அதாவது கறி வாயில் படக்கூடாது, மீன் தின்னலாம். கறியையே காணாத எங்களுக்கு அந்தச் சட்டம் ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை, ஆனால் அந்த வருஷம் மீனும் இல்லாமல் போயிற்று. அம்மா நீராகாரத்திலேயே காலம் தள்ளினாள். கைக்குழந்தையாக இருந்த என் தம்பி சூசைக்குப் பால் வற்றிவிட்டது. முதலில் அவன் ஊரைக் கூட்டி அழுதான், பிறகு முனகினான், பிறகு முனகலும் சிறுத்தது. அவன் அழுதபோது வராத பயம் அவன் அழாதபோது எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் எங்கள் அய்யாவின் வலையில் ஆவுளியா பட்டது. வாலில் கயிறு கட்டி, உயிரோடு இழுத்துவந்து, வள்ளத்தோடு சேர்த்துத் தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருந்தார். ஊரே கரையில் நின்றது. ஆவுளியாக் கறி தின்றால் பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அய்யா முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே கிடையாது. ஆனால் யாரோ ஒருவர் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார்: இதை அறுத்தால் உள்ளே ஆட்டுக்கறி மாதிரிச் சிவப்பாக இருக்குமே, வெள்ளிக்கிழமை இது ஆகுமா?

பூசை வைக்கிற சாமியார் ஞாயிறுதான் வருவார் என்பதால், செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "கடல்ல பொறந்து கடல்ல வளந்து வலையில வந்து விழுந்தது மீனு. தாராளமாச் சாப்பிடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"உபதேசியாருக்கு நெஞ்சுப் பக்கமா ஒரு துண்டு ஒதுக்கி வைங்க. இம்புட்டுச் சுருக்கா அவரு எந்தச் சட்டத்தையும் சொன்னதில்ல" என்றாள் அய்யாவின் தங்கை, எங்கள் செபமாலை அத்தை. அவள் இடுப்பில் பால்குடி மறக்காத அவள் பிள்ளை. கரை முழுவதும் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அம்மா சூசையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். ஆவுளியா ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் துடுப்புக்கு அடியில், அக்குள் இருக்கவேண்டிய இடத்தில், பெண்பிள்ளைக்கு இருப்பதுபோலவே மார்பு இருந்தது. அதிலிருந்து பால் கசிந்து, தண்ணீருக்குள் வெள்ளைப் புகைபோல மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வள்ளத்தின் நிழலில் குட்டியைப் பார்த்தேன். வலைக்கு வெளியே நின்று, தாயை இழுத்துவந்த வழியெல்லாம் அது கூடவே வந்திருக்கிறது. ராத்திரிச் செபத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான் தேடுகிற ஏதோ ஒன்று, கண்ணைத் திறந்திருக்கும்போதே எதிரே வந்து நிற்பதுபோல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"உபதேசியாரே, மீனு பால் குடுக்குமா?" என்று அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"வலையில வந்துச்சே, மரியபுஷ்பம்."

"வலையில நம்ம புள்ளைகளுந்தான் வெளையாடப் போயிச் சிக்குது. அதுகளையும் கொழம்பு வச்சிருவமா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அய்யாவின் முகம் கறுத்துவிட்டது. "ஏ புள்ள, ஒனக்காகத்தான இழுத்துட்டு வந்திருக்கேன். ஒம்புள்ளைக்குப் பாலு வேணாமா?" என்றார். அம்மா சூசையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வேணும். இதுக்கும் புள்ள இருக்கு. இத அடிச்சுத் தின்னுட்டு, சாயங்காலம் சிலுவைப்பாதையில நாலாவது ஸ்தலத்துல முழங்கால் போட்டு, புள்ளையப் பறிகுடுக்க நிக்கிற மாதாவ நான் எந்தக் கண்ணால பாப்பேன்?"

அய்யா கரையேறிப் போய்விட்டார்.

அம்மா சூசையை என் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். நனைந்து இறுகிய முடிச்சு, விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உபதேசியார் இறங்கி வந்திருந்தார். "தள்ளு, அது வள்ளக்காரன் முடிச்சு, ஒனக்கு வராது" என்று குனிந்தவர், கரையில் நின்றவர்களைப் பார்த்து, "சட்டம் சட்டந்தான், அதுல மாத்தமில்ல. நான் முடிச்சத்தான் அவுக்குறேன்" என்றார்.

கயிறு கழன்றும் அது உடனே போய்விடவில்லை. குட்டி வந்து அதன் துடுப்புக்கு அடியில் நுழைந்துகொண்டது. அது துடுப்பை வளைத்து, நாம் பிள்ளையை அணைப்பது போலவே அணைத்தது. அந்த இடத்திலேயே, எங்கள் எல்லார் முன்னாலும், குட்டி பால் குடித்தது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். யார் சொல்லி எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு இரண்டும் பாசிக் கரையைத் தாண்டி நீலத் தண்ணீருக்குள் இறங்கிப் போயின.

"இனி ஒஞ்சட்டியில செபத்தப் போட்டுத் தாளி" என்று சொல்லிவிட்டுப் போனாள் அத்தை. மத்தியானம் எங்கள் வீட்டில் வெறும் கஞ்சி. அய்யா அதையும் தொடவில்லை.

சாயங்காலம் ஓலைக் கோயிலில் சிலுவைப்பாதை; ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைப் பதினாலு படத்துக்கு முன்னால் நின்று நின்று செபிப்பது. நாலாவது ஸ்தலத்தில் எல்லாரும் முழங்காலில் நின்றபோது, அம்மாவின் கையில் சூசை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அம்மா மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது. அடுத்த வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. "குடு இங்கன" என்றாள் செபமாலை அத்தை. சூசையை வாங்கித் தன் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், செபத்துக்கு நடுவே, அவன் "மொச்சு மொச்சு" என்று குடிக்கிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. பின்னால் வாசலில் நின்றிருந்த அய்யா அப்படியே முழங்கால் போட்டார். அம்மாவுக்குப் பால் திரும்புகிறவரை அத்தைக்கு இரண்டு பிள்ளை.

நான் பெரியவளான பிறகு ஒருநாள், மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அன்னைக்கு அத்தை கைய நீட்டாமப் போயிருந்தா?" என்று கேட்டேன். "அழுதிருப்பேன். வேற என்ன செய்வேன்?" என்றாள்; கை நிற்கவில்லை.

அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை, ஓலைக் கோயில் இருந்த இடத்தில் கான்கிரீட் கோபுரம் நிற்கிறது, அதில் பெரும்பங்கு நான் போட்டது. ஆவுளியாவைப் பிடிக்கக் கூடாது என்று அதிகாரிகள் மைக் வைத்துச் சொல்லிப்போகிறார்கள்; எங்கள் அம்மாவுக்கு யாரும் மைக் வைத்துச் சொல்லவில்லை. இன்று அது கண்ணில் படுவதே அருமையாகிவிட்டது. போன தபசில் என் படகு டிரைவர் தெற்கே குட்டியோடு ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னான். இந்த வயதில், இந்த வலிக்கிற காலோடு, படகேறிப் போனேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தண்ணீருக்கடியில் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணையும் காணோமே மொதலாளியம்மா, திருப்பவா?" என்றான்.

"இஞ்சின அமத்து. கொஞ்சம் பொறு" என்றேன்.