முதல்ல ஒரு நம்பர் எடுங்கோ

சனல் சென்டரில நம்பர் குடுக்கிற வேலை எண்டால், டொக்டர் வராததுக்கும் நான்தான் காரணம், வந்த டொக்டர் ரெண்டு நிமிசத்தில பாத்து அனுப்பினதுக்கும் நான்தான் காரணம், அவர் எழுதின மருந்து கடையில இல்லாததுக்கும் நான்தான் காரணம்.

வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைக்கு இறங்கிற ஒரு ஒழுங்கையில எங்கட சென்டர். பகலில அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மா பாக்கிற பெரிய டொக்டர்மார், பின்னேரம் எங்களிட்ட வந்து காசுக்குப் பாப்பினம். அந்தக் காசை வாங்கி, ஒரு துண்டில நம்பரை எழுதிக் குடுத்து, "இருங்கோ, கூப்பிடுவம்" எண்டு சொல்றதுதான் என்ர உத்தியோகம். ஒரேயொரு ஃபேன் இருக்கு, அதுவும் என்ர பக்கம் பாத்துத்தான் சுத்தும். இதை வாசிக்கிற நீங்களும் எங்கையாவது ஒரு சென்டரில, பிளாஸ்டிக் கதிரையில காய்ஞ்சுபோய் இருந்திருப்பியள். கவுன்டருக்குப் பின்னால இருந்த பொம்பிளையை மனசுக்குள்ள நல்லா ஏசியும் இருப்பியள். அது நான்தான். ஏசினதில அரைவாசி சரி.

ஆறு மணி

டொக்டர் எத்தினை மணிக்கு வருவார் எண்டு கேட்டால் நான் ஆறு மணி எண்டுவன். ஆறு மணிக்கு அவர் வரமாட்டார் எண்டு எனக்கும் தெரியும், கேக்கிற ஆளுக்கும் தெரியும். எட்டரை எண்டு உண்மையைச் சொன்னால் சனம் ஒன்பதுக்கு வரும். அண்டைக்கெண்டு பாத்து மனுசன் ஏழு மணிக்கே வந்து, ஆளில்லாத கதிரையளைப் பாத்திட்டு என்னை முறைப்பார்.

பென்சன் எடுத்த கணக்கு வாத்தியார் ஒருத்தர் பிரஷருக்கு மாதம் ஒருக்கா வாறவர். ஒருநாள் ஆறு மணிக்கு முன்னமே வந்து முன் கதிரையில இருந்திட்டார். ஏழு மணியாச்சு, ஏழரையாச்சு. "டொக்டர் வந்துகொண்டிருக்கிறார், பம்பலப்பிட்டியில டிராபிக்" எண்டு சொன்னன். டொக்டர் எங்கை நிண்டாலும் நான் அவரைப் பம்பலப்பிட்டியிலதான் நிப்பாட்டி வைப்பன், அது என்ர வழக்கம். எட்டு மணிபோல வாத்தியார் எழும்பி வந்தார். கோவமே இல்லை, கிளாஸில பெடியனிட்டக் கேள்வி கேக்கிற மாதிரி நிதானமாக் கேட்டார்.

"பிள்ளை, நீர் சொன்ன ஆறு மணி இண்டைக்கு ஆறு மணியோ?"

ஒரு நம்பரில நாலு பேர்

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு முஸ்லிம் அம்மா வாறவ. பக்கத்து வீட்டுக்காரரும் சொந்தக்காரரும் இல்லாமல் தனிய வந்ததே இல்லை. நம்பர் எடுக்கிறது அவவின்ர சீனி வருத்தத்துக்கு மட்டும்தான். கூப்பிட்டால் நாலு பேர் எழும்பி உள்ள போவினம். துணைக்குப் போகினமாக்கும் எண்டு நானும் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன். என்ர புத்தி அப்பிடி.

ஒருநாள் டொக்டர் கதவைத் திறந்து, எட்டாம் நம்பரில எத்தினை நோயாளியள் எண்டு எல்லாருக்கும் கேக்க என்னைக் கேட்டார். உள்ள அம்மாவின்ர சீனியைப் பாத்து முடிய, மருமகள் தன்ர தலையிடியைச் சொல்லியிருக்கிறா, பக்கத்து வீட்டு மனுசி மூட்டு நோவைச் சொல்லியிருக்கிறா, நாலாவது ஆள் வீட்டில படுத்திருக்கிற புருசனுக்கு என்ன மருந்து குடுக்கலாம் எண்டு விசாரிச்சிருக்கிறா. எனக்கு மானம் போச்சுது. வெளியில வந்த அம்மாவை மறிச்சு, ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் எண்டு கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னன். அவ என்னை இரக்கமாப் பாத்தா.

"மிஸ், டொக்டர் பாத்தது என்னை மட்டும்தானே, அவங்கட்ட கதைச்சதுக்கும் சல்லியா?"

வயித்துக்குக் கீழ

இனிச் சொல்லப்போற ஆளாலதான் இதை எழுதவே வெளிக்கிட்டனான். பேர் கதிர்வேல். புறக்கோட்டையில மொத்தக் கடையளுக்கு மூட்டை தூக்கிற நாட்டாமி. சொந்த இடம் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மனுசி அங்க கொழுந்து எடுக்கிறா, ரெண்டு பிள்ளையளும் அங்கதான் படிக்குதுகள். இவர் முகத்துவாரத்தில இன்னும் நாலு பேரோட ஒரு அறையில இருந்துகொண்டு, உழைக்கிறதை ஊருக்கு அனுப்பிறார். முதுகு நிமிர்ந்து நிண்டால்தான் அஞ்சு வயிறு நிறையும், தாயோட சேத்து.

எங்களிட்ட வாற சனத்தில பாதிப்பேருக்கு எந்த டொக்டரைப் பாக்கிறது எண்டு தெரியாது. அதை என்னட்டத்தான் கேக்குங்கள். நானும் சளைக்காமல் சொல்லுவன். சாதாரண தரச் சோதினையில விஞ்ஞானத்துக்கு நான் எடுத்த புள்ளியை இங்க எழுதமாட்டன். கதிர்வேல் வந்து, வயித்துக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கோளாறுங்க எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார். அதுக்கு மேல ஒரு பொம்பிளையிட்ட எப்பிடிச் சொல்றது எண்டு அவருக்கு வெக்கம். நேரத்துக்குச் சாப்பிடுறனீங்களோ எண்டு கேட்டன். இல்லையாம். புறக்கோட்டையில எந்த நாட்டாமிதான் நேரத்துக்குச் சாப்பிடுறான்? அப்ப இது கேஸ்ட்ரிக் எண்டு நான் முடிவெடுத்து, வயித்து டொக்டருக்கு நம்பர் போட்டு, உறைப்பைக் குறையுங்கோ எண்டு புத்தியும் சொல்லி விட்டன்.

அவருக்கு இருந்தது குடலிறக்கம். அடிவயித்தில ஒரு கட்டி, மூட்டை தூக்கினால் வெளிய தள்ளும், படுத்தால் உள்ள போகும். பாக்கவேண்டியது சேர்ஜனை. ஒரு நாள் கூலி என்ர கெட்டித்தனத்தால வீணாப் போச்சுது. எனக்கு முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது எண்டு தெரியேல்லை. நான் மன்னிப்புக் கேக்க முன்னம் அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

"பரவாயில்லைங்க மிஸ், அந்த டாக்டரும் நல்லவருதாங்க, எனக்கு கேஸ்ட்ரிக் இல்லேன்னு சொல்லிட்டாரு."

டொரொன்டோவில இருந்து

இடையில இதையும் சொல்லவேணும். இல்லாட்டி எங்களிட்ட வாறது முழுக்கக் கதிர்வேல்மார் எண்டு நினைச்சிடுவியள். வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில இருக்கிற தாய்மாருக்குப் பிள்ளையள் வெளிநாட்டில இருந்து நம்பர் போடுவினம். அப்பிடி ஒரு அம்மாவுக்கு டொரொன்டோ மகள், இதய டொக்டருக்குப் போட்டிருந்தவ. உள்ள போகேக்கை மகள் போனில வீடியோவில நிக்கவேணுமாம். போனைப் பிடிக்க ஆள் இல்லாததால என்னையும் இழுத்துக்கொண்டு போனா.

நான் போனைப் பிடிச்சன். மகள் இங்கிலீசில கேள்வி கேட்டா, டொக்டர் போனைப் பாத்து இங்கிலீசில பதில் சொன்னார். அம்மாவுக்கு மூச்சு வாங்கிறதைப் பற்றி மகள் சொன்னா, அம்மாவின்ர நித்திரையைப் பற்றியும் மகளே சொன்னா. அம்மா நடுவில இருந்து ரெண்டு முகத்தையும் மாறி மாறிப் பாத்தா. எனக்குக் கை உளைஞ்சது, ஆனால் இப்பிடி ஒரு பெரிய வைத்தியத்தில பங்குபற்றினதில உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் இருந்துது. வெளிய வந்தோடன அம்மா என்ர கவுன்டருக்கு முன்னால நிண்டுகொண்டு கைப்பையைத் திறந்தா.

"எனக்கும் ஒரு நம்பர் தாரும் பிள்ளை, என்ர வருத்தத்தை நான் இன்னும் சொல்லேல்லை."

என்ர பெரிய யோசனை

கதிர்வேலின்ர விசயத்தில எனக்கு மனசு குடைஞ்சுகொண்டே இருந்துது. ஒப்பரேசன் தனியார் ஆஸ்பத்திரியில காசுக்குச் செய்யிறதெண்டால் அவர் தோட்டத்து வீட்டையே வித்தாலும் காணாது, அந்த வீடும் அவரின்ர இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மா செய்வினம். ஆனால் கிளினிக்குக்கு விடியமுன்னம் போய் வரிசையில நிக்கவேணும், நிண்டால் அண்டைக்குக் கூலி இல்லை, பிறகு இன்னொரு நாள் வா எண்டு சொன்னால் அண்டைக்கும் இல்லை.

கொழும்பில எல்லாருக்கும் தெரிஞ்ச வழி ஒண்டு இருக்கு. ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் செய்யிற அதே சேர்ஜனைப் பின்னேரம் சென்டரில ஒருக்காக் காசு கட்டிப் பாக்கிறது. அவர் ஒரு கடிதம் தருவார், அதோட அவரின்ர கிளினிக்குக்குப் போனால் அலைச்சல் குறையும். இதைக் கதிர்வேலுக்கு நான் ஏதோ நானே கண்டுபிடிச்ச மாதிரி விளங்கப்படுத்தினன். எங்கட முதலாளியிட்டக் கெஞ்சி, சென்டருக்கு வாற பங்கை விட்டுக்குடுக்கவும் பண்ணினன். சேர்ஜன் பாத்தார், கடிதம் குடுத்தார், ஒப்பரேசனுக்கு எப்பிடியும் சில மாதம் செல்லும் எண்டார். கட்டி உள்ள போகாமல் இறுகினால் உடன ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும் எண்டும் சொன்னாராம். அதை அவர் இங்கிலீசும் சிங்களமுமாச் சொல்ல, கதிர்வேலுக்கு அரைவாசிதான் விளங்கியிருக்கு; எனக்கே அது பிறகுதான் தெரியும். நான் தமிழில, வடிவா, கவுன்டரில கையை ஊண்டிக்கொண்டு சொன்னன், எதெண்டாலும் முதல்ல என்னட்ட வாங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு. பெரிய ஆள் நான்.

ஒப்பரேசன் வரைக்கும் மூட்டை தொடக்கூடாது எண்டது சேர்ஜனின்ர கட்டளை. கதிர்வேல் கடிதத்தை மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சார், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அத எங்க மொதலாளிகிட்ட டாக்டரே ஒரு வார்த்த சொல்லுவாருங்களா மிஸ்?"

புதன்கிழமை நம்பர்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். தோல் டொக்டரின்ர நாள், சனம் வாசல் வரைக்கும் நிக்குது. நான் தலையை நிமித்தாமல் பேரைக் கேக்கிறதும் எழுதிறதுமா இருந்தன். சேர்ஜனுக்கு ஒரு நம்பர் வேணும் எண்டு ஒரு குரல். சேர்ஜன் புதன்கிழமைதான் எண்டன். சரிங்க மிஸ், புதனுக்கே போடுங்க எண்டு சொல்லி, அந்த ஆள் கவுன்டர் விளிம்பை இறுக்கிப் பிடிச்சது. விரலைப் பாத்திட்டுத்தான் முகத்தைப் பாத்தன்.

கதிர்வேல். சேட் நனைஞ்சு உடம்போட ஒட்டியிருக்கு, முகம் வெளிறிப்போச்சு, கூனிக்கொண்டு நிக்கிறார். காலமை மூட்டை தூக்கேக்கை தள்ளின கட்டி பிறகு உள்ள போகேல்லையாம். ரெண்டு மூண்டு தரம் சத்தியும் எடுத்திருக்கிறார். அந்தக் கோலத்தில பஸ் ஏறி வந்து, தோல் வருத்தக்காரர் எல்லாருக்கும் பின்னால வரிசையில நிண்டிருக்கிறார். நான் போனை எடுத்தன். இலவச அம்புலன்சைக் கூப்பிட வேணும். நாள் முழுக்க நம்பர் குடுக்கிற எனக்கு அந்தச் சின்ன நம்பர் நினைவில வரேல்லை. வரிசையில நிண்ட ஒரு சிங்களப் பொம்பிளைதான் தன்ர போனில எடுத்தா.

கவுன்டரை அப்பிடியே விட்டிட்டு நானும் அம்புலன்சில ஏறினன். பயத்தில எனக்கு ஏச்சுத்தான் வந்துது. புறக்கோட்டையில இருந்து நடந்து போற தூரத்தில ஆஸ்பத்திரி இருக்க, என்னத்துக்கு வெள்ளவத்தைக்கு வந்தனீங்கள் எண்டு கத்தினன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னார்.

"நீங்கதானுங்களே மிஸ் சொன்னீங்க, எதுன்னாலும் மொத உங்ககிட்ட வரச் சொல்லி."

வார்ட்டில

ஆஸ்பத்திரி வாசலில ஒரு நர்ஸ் ஓடி வந்து என்ன பிரச்சினை எண்டு சிங்களத்தில கேட்டா. நான் என்ர உடைஞ்ச சிங்களத்தில முதல் சொன்னது, நாங்கள் நம்பர் ஒண்டும் எடுக்கேல்லை எண்டுதான். என்ன நம்பர் எண்டு அவ கேட்டா. பதிலுக்கு நிக்காமல் ஆளைத் தள்ளிக்கொண்டு உள்ள போயிட்டா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் குடல் செத்திருக்கும், ஆளும் போயிருக்கும் எண்டு ஒரு சின்ன வயசு டொக்டர் வந்து சொன்னார். அண்டைக்கே வெட்டினவை. ஆரும் என்னட்ட ஒரு சதம் கேக்கேல்லை. நான் வெளிய கிடந்த வாங்கில இருந்து அழுதன். அவரின்ர மனுசியின்ரயும் பிள்ளையளின்ரயும் முகம் எனக்குத் தெரியாது, அதுகளை நினைச்சுத்தான் அழுதன். என்னை நினைச்சும் அழுதன், ஏனெண்டால் நான் சொன்னதைக் கேட்டு ஒரு மனுசன் சாகப் பாத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கப் போனன். கட்டிலில சாய்ஞ்சு இருந்தார், முகத்தில பழைய களை திரும்பியிருந்துது. ஹட்டனில இருந்து மனுசி வந்து, பக்கத்தில நிண்டு கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா. இவங்கதான் மிஸ்ஸு எண்டு என்னைக் காட்டினார். அந்த மனுசி கும்பிட்டா. எனக்கு ஓடி ஒளிக்கலாம் போல இருந்துது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு நான் சொல்லத் தொடங்க, அவர் கையை ஆட்டி மறிச்சார். கனநேரமா ஒரு கணக்குப் போட்டு விடை கண்டவர் மாதிரிச் சிரிச்சார்.

"மொதல்லயே இந்த மாதிரி சாகுற வலி வந்திருந்தா, அப்பவே சும்மா செஞ்சிருப்பாங்க, இல்லீங்களா மிஸ்?"

எங்கட நாட்டில வைத்தியம் இலவசம்தான். அதுக்குப் போற வழியைக் கேக்கத்தான் என்னட்ட வந்து காசு கட்டவேண்டிக் கிடக்கு.