ஐநூறு கிராம் தாங்குமா?

துப்பாக்கி சுடும் போட்டி எங்கே நடந்தாலும் எல்லோரும் வெறுக்கிற மேசை ஒன்று இருக்கும். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நான். ரயிலில் டிக்கெட் கேட்பவர்களும், பரீட்சை ஹாலில் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பவர்களும் என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

வேலை இதுதான். ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது ஐநூறு கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. குண்டில்லாத பிஸ்டலைக் குழல் மேலே பார்க்கப் பிடித்து, ட்ரிகரில் எடைக்கல்லை மாட்டி மெதுவாகத் தூக்குவேன். கல் எழும்பினால் பாஸ். ட்ரிகர் ‘டக்’கென்று விடுபட்டு, கல் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டால் பெயில். மூன்று முறைக்குள் ஒருமுறை எழும்பினால் போதும், அதற்கு மேல் கிடையாது. ட்ரிகர் லேசாக இருந்தால் சுடும்போது குறி அசையாது என்று ஆளாளுக்கு அதைத் திருகிவிட்டுத்தான் வருவார்கள்.

பேரம்

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மூத்தோர் பிரிவில் சுடுகிறவர். ஒரு போட்டியில் அவருடைய பிஸ்டல் மூன்று முறையும் கல்லைத் தூக்கவில்லை. “திருகாணியை இறுக்கிட்டு மறுபடி வரிசையில வாங்க” என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரிசை வாசல்வரை நிற்கிறது. எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். ஒரு ஐம்பது கிராம் இருக்கும் என்றேன். அவருக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று.

“எங்க கடையில மீட்டருக்கு ரெண்டு இஞ்சு கூடவே கிழிச்சுக் குடுக்கோம் மேடம், நீங்க ஒரு அம்பது கிராம் விட்டுக்குடுக்க மாட்டீங்களா?”

காபிப் பொடி

இன்னொருவர் மயிலாப்பூர் ஆடிட்டர். ட்ரிகருக்குள் இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெலிசாக வேறொன்றைப் போட்டிருந்தார். கல் அசையவில்லை. “ஆத்துல அரைக் கிலோ காபிப் பொடி பாக்கெட்டைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துட்டுத்தானே வந்தேன், ஜம்முனு தாங்கித்தே!” என்று என் கல்லையே சந்தேகப்பட்டார்.

கல்லின் அடியில் இருந்த முத்திரையைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கல்லை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். கோபம் மெல்ல என்னை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

“அப்படீன்னா இத்தனை வருஷமா அந்தக் காபிக்கடைக்காரன் என்னை ஏமாத்திண்டு இருந்திருக்கான்!”

வீட்டு வாசலில்

போட்டி முடிந்தாலும் என் விரல் ஓயாது. ஸ்கூட்டர் பிரேக், கேஸ் லைட்டர், லிஃப்ட் பட்டன், எதைத் தொட்டாலும் இது எத்தனை கிராமில் விடுபடும் என்றே மனசு அளந்துகொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று காலிங் பெல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டிருந்தேன். பெல் அடிப்பதற்குள் கதவு திறந்தது. என் கணவர்.

“சாவி உன் கைலயே இருக்கே, பெல்லை எதுக்குத் தடவிக்கிட்டு நிக்கிறே?”

மூன்றாவது முறை

இது சிரிக்கிற விஷயமில்லை. அன்று மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. ராயப்பேட்டையிலிருந்து வரும் நசீமா, கல்லூரியில் படிக்கிற பெண். அப்பா பைக் சீட்டுக்கு உறை தைப்பவர். அதுவரை சுட்டதிலேயே நன்றாக அன்றுதான் சுட்டாள். அணியின் கடைசி இடம் அவளுக்குத்தான். ஆனால் சுட்டு முடித்தவர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மறுபடி சோதிப்போம். அவள் பெயர் வந்தது. காலையில் என் மேசையில் பாஸான அதே பிஸ்டல்தான். இப்போது பெயிலானால் திருகிக்கொண்டு வரவெல்லாம் முடியாது, போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

முதல் முறை தூக்கினேன். டக். இரண்டாவது முறையும் டக். பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். நசீமா என்னைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்தாள். என்னோடு சோதனை செய்யும் சைதாப்பேட்டை தேவராஜ் என் காதருகே குனிந்து, “இன்னா மேடம், கை ஆடிக்கினு கீது? இப்டி குடுங்க, நான் தூக்குறேன்” என்றார். யார் தூக்க வேண்டும் என்று விதியில் இல்லை. நடுவரைப் பார்த்தேன், தலையசைத்தார். கொடுத்துவிட்டேன்.

தேவராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். கல் மேசையை விட்டு ஒரு விரல் உயரம் எழும்பி, அப்படியே நின்றது.

அவள் அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நசீமா நீக்கப்பட்டிருந்தால் அணிக்குள் வந்திருக்கவேண்டிய அடுத்த பெண் பையை மாட்டிக்கொண்டு போனாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. சரியாக இருந்தது ட்ரிகரா, தேவராஜின் கையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நசீமா என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

“மேடம், நாலாவது தடவை தூக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

டீ குடித்தால் கை நடுங்கும் என்று, அன்றிலிருந்து சோதனை முடியும்வரை நான் அதைத் தொடுவதில்லை. கை நடுக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை, தலைவலி மட்டும் தவறாமல் வருகிறது.