துணியில் பதிந்த மீசை

கூலாய்ப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தோம், ரப்பர் மரங்களுக்கு நடுவே. அம்மா, அம்மாவின் தம்பி, நான். தொழிலாளர் லயத்தில் ஒரே அறை. மாமா காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார். திருவிழா வந்தால் கூத்துக் கட்டுவார்.

ஒருமுறை ஊமைப்படம் காட்டுகிறவர் வந்தார். கையால் சுற்றும் மெஷின், ஒரு வெள்ளைத் துணி. இரண்டு நாள் படம். அதில் ஒரு வெள்ளைக்காரத் திருடன் ஓடிவந்து கதவுக்குப் பின்னால் ஒளிவான். முதல் நாள் பார்த்துவிட்டு மாமா படக்காரரிடம் போனார்.

"அண்ணே, அவன் கதவைச் சாத்தினதும் மெஷினை நிப்பாட்டுங்க. துணிக்குப் பின்னாலேருந்து அதே திருடனா நான் வர்றேன். ஒரு பாட்டு. உள்ள போயிடறேன். நீங்க மறுபடி சுத்துங்க."

"படத்துலேருந்து ஆளு வர்றதா? அலமாக்!" என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "ஜனம் ரசிச்சா உன்னை என்னோட பத்து பாகாட் டவுனுக்கே கூட்டிப்போறேன். இல்லேன்னா ஆள விடு."

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "தேறினா பத்து பாகாட், இல்லேன்னா பால்வாளி," என்றார். அம்மா அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

மறுநாள் இருட்டியதும் துணியைக் கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். ஈரத்துணியில்தான் படம் பளிச்சென்று விழும். கரி மீசை, கரிப் புருவம், சிவந்த உதட்டோடு மாமா பின்னால் நின்றார். திருடன் கதவைச் சாத்தினான். மெஷின் நின்றது. காஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மாமா வரவில்லை. கூத்தில் வேஷக்காரன் உடனே முகம் காட்ட மாட்டான். திரையைப் பிடித்து உலுக்கி, மறைவில் நின்று பாடிவிட்டுத்தான் வருவான். பழக்கம் விடுமா? மாமா உலுக்கினார். துணியில் முகத்தை அழுத்திக்கொண்டு பாடினார். பிறகு குதித்தார். பாதி மீசையைக் காணோம். அது துணியில் இருந்தது, புருவமும் உதடும் கூட.

படம் மறுபடி ஓடியது. வெள்ளைக்காரச் சீமாட்டிக்கு மீசை. குதிரைக்குச் சிவந்த உதடு.

"டேய், குதிரை வெத்தலை போட்டிருக்குடா!"

ஜனம் உருண்டு சிரித்தது. படக்காரர் துணியைப் பார்த்தார். ஜனத்தைப் பார்த்தார். "துணியைத் துவைச்சு எடுத்துட்டு வா. நாளைக்குக் கிளம்பலாம்," என்றார் மாமாவிடம்.

காலையில் அம்மாவும் நானும் துவைத்தோம். அம்மா ஓரத்தைக் கசக்கினாள், மூலையைக் கசக்கினாள். நடுவில் மாமாவின் முகம் பதிந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"கை வலிக்குதாம்மா?" என்றேன்.

துணி காய்ந்தால்தான் மாமா போக முடியும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே தேய்த்தேன். மீசை போனது, புருவம் போனது, உதடும் போனது. பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன். அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாக வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.