ஒற்றை நட்சத்திர அக்கா

ஈயக் கவசத்தைக் கழற்றாமலே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கட்டைவிரலால் கைப்பேசியைக் குத்திக்கொண்டிருக்கிறார் அக்கா. உள்ளே முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட நோயாளி கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்தவர் வர இரண்டு நிமிடம் ஆகும். முன்பின் தெரியாத ஒரு வாசகருக்குச் சூடாக நாலு வரி கொடுக்க அது போதும். "அஞ்சு நட்சத்திரமாம். படிச்சுட்டுக் குடுத்தாரா, அட்டையப் பாத்துட்டுக் குடுத்தாரா?" என்று என்னிடம் கேட்பார். நான் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

அக்கா எக்ஸ்ரே எடுப்பவர். நான் பக்கத்து மேசையில், டாக்டர் சொல்லும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள். இருபத்திரண்டு வருடத்தில் யாருடைய இடது கையையும் வலது என்று அவர் மாற்றிக் குறித்ததில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, வாரத்துக்கு ஒருமுறை அவரே சொல்லிவிடுவார். நோயாளிகளிடம் குரல் உயராது. "மூச்ச இழுத்துப் புடிங்க... அவ்வளவுதான், விடுங்க" என்று தாலாட்டுகிற மாதிரி சொல்வார். கோபம் முழுவதையும், புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் ஒரு வாசகர் தளத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிறார். அங்கே அவருக்கு 'ஒற்றை நட்சத்திரம்' என்று பட்டப்பெயர்.

அவருக்கு உயிர் இரண்டு தொலைக்காட்சிப் பேய்த் தொடர்கள். ஒன்றில், பூட்டிக் கிடக்கும் விடுதியில் அதன் பழைய மேலாளர் ஆவியாக அலைகிறார். கண்ணாடியில் மட்டும்தான் தெரிவார். இன்னொன்றில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். செத்தவர்கள் பேசுவது அவருக்கு மட்டும் கேட்கும். இரண்டும் முடிந்து வருடங்களாகிவிட்டன. அக்கா ஒவ்வொன்றையும் நாலு தடவை பார்த்து, யாருக்கு என்ன அடையாளம், எந்த ஆவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பட்டியல் போட்டுத் தளத்தில் ஏற்றியிருக்கிறார். அவர் கணவர் தொலைக்காட்சி இருக்கும் அறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இந்த வருடம் ஒரு புதிய எழுத்தாளர் இரண்டு தொடர்களையும் சேர்த்து, இரண்டு வருடம் உழைத்த ஒரு நாவலை வெளியிட்டார். இன்ஸ்பெக்டர் அந்த விடுதிக்கு வருகிறார். குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். சுவர்க்கண்ணாடியைப் பார்த்தால் தன் தோளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொன்னதற்கு அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

காரணம் ஒரு தழும்பு. மேலாளரின் கையில் தீக்காயத் தழும்பு உண்டு. நாவலில் அதை வைத்துத்தான் கொலையே துலங்குகிறது. நாவலில் அது வலது கை. அக்காவின் பட்டியலில் இடது கை. 'தொடரைப் பார்க்காமலே எழுதிய புத்தகம்' என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பின்னாலேயே அறுபத்து மூன்று பேர் வந்து ஆளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டார்கள். தளத்தின் தரவரிசையில் நாவல் கடைசிக்குப் போய்விட்டது. இரண்டாம் பாகம் எழுதும் எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று எழுத்தாளர் ஒரு வரியில் அறிவித்தார். அக்காவுக்கு அதிலும் ஆத்திரம். தப்பை ஒத்துக்கொள்ளாமல் ஓடுகிறாராம்.

அப்போதுதான் சலூன்காரர் ஒருவர் கருத்து எழுதினார். 'நான் முடி வெட்டுபவன். நாள் முழுக்க ஆட்களைக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன். தழும்பு வலது கையில்தான் இருக்கிறது. புத்தகம் சொல்வது சரி.' அவ்வளவுதான்.

அக்கா கொதித்துப் போனார். "கை கால் அடையாளம் போடுறது என் பொழப்பு. எனக்கே இடது வலது சொல்லித் தர்றாராம்." சலூன்காரரை உண்டு இல்லை என்று ஆக்குவதற்காகவே, சாப்பாட்டு நேரத்தில், தொடரில் தழும்பு தெரியும் காட்சியைத் திரும்ப ஓட்டினார். தழும்புள்ள கை எங்களுக்கு வலப்பக்கம் தெரிந்தது. நமக்கு வலப்பக்கம் தெரிந்தால், எதிரே நிற்பவருக்கு அது இடது கை. இதுகூடத் தெரியாதா என்றார். எக்ஸ்ரே படம் பார்ப்பவர்களுக்கு இது மூச்சு விடுவது போலப் பழகிப்போன கணக்கு.

"அக்கா, அவர் எதிர்ல நிக்கலையே" என்றேன். "கண்ணாடிக்குள்ள இல்ல தெரியறாரு?"

என் மணிக்கட்டைப் பிடித்து, கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். தனக்குப் பின்னால் என்னை நிறுத்தி வலது கையைத் தூக்கச் சொன்னார். கண்ணாடியில் என் கை அவருக்கு வலப்பக்கம் எழுந்தது. நேருக்கு நேர் நிறுத்தித் தூக்கச் சொன்னார், இடப்பக்கம் எழுந்தது. மறுபடி கண்ணாடி. கை கழுவ வந்த நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டுக் கழுவாமலே திரும்பிப் போனார். ஐந்தாவது முறை நானே கையை இறக்கிவிட்டேன். அக்காவின் முகம் சுண்டிப் போயிருந்தது.

"இத்தன வருஷம் சரியா பாத்த பழக்கமே என்னைக் கவுத்துடுச்சே" என்றார்.

சத்தமில்லாமல் விமர்சனத்தை நீக்கிவிடுவார் என்று நினைத்தேன். தளத்தில் பெரிய மனிதர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா நீக்கவில்லை. 'நான் சொன்னது தவறு. கண்ணாடியை மறந்துவிட்டேன். எழுத்தாளர் மன்னிக்க வேண்டும்' என்று அதற்கு மேலேயே எழுதினார். நட்சத்திரத்தை மூன்றாக்கினார். மீதி இரண்டு தர முடியாதாம். இன்ஸ்பெக்டர் அழுகிற பெண்ணே இல்லை, கடைசி அத்தியாயத்தில் அழ வைத்துவிட்டார்களாம். பிறகு, டப்பாவில் சாப்பாடு காய, அறுபத்து மூன்று பேருக்கும் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்.

முதல் பதில் உடனே வந்தது. 'விடுங்க அக்கா, எந்தக் கையா இருந்தா என்ன, புத்தகம் குப்பைதான்.' படித்தீர்களா என்று அக்கா கேட்டார். 'இல்ல, நீங்க சொன்னீங்களேன்னுதான்' என்று வந்தது. அக்கா இன்னும் பத்துப் பேரைக் கேட்டார். அதில் எட்டுப் பேர் படித்திருக்கவில்லை. படிக்காத வாய்கள் ஒருவரின் இரண்டு வருட உழைப்பைப் புதைத்துவிட்டுப் பரவாயில்லை என்கின்றன. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அக்காவை எத்தனையோ கோபத்தில் பார்த்திருக்கிறேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிற கோபத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் வரும்போதே, முதலில் பதில் போட்டவரிடம் கேட்டு வாங்கிய முகவரி அவர் கையில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சண்டை போட்டிருந்த தன் பிரதியை, எக்ஸ்ரே படம் வைக்கும் பழுப்பு உறைக்குள் நுழைத்து, ஓரத்தை மடித்து ஒட்டினார். முகவரிக்குக் கீழே 'படித்த பிறகு திட்டவும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். பிறகு இன்னொரு உறையை எடுத்து வாயை ஊதி விரித்து வைத்துக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டினார்.

"உன் புத்தகத்தையும் எடு. இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க."